எத்தனை நாளைக்கு?

என் நண்பர் ஒருவருக்குச் சொந்த ஊர் சேத்தூர். இராசபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் போகும்போது வலக்கைப் பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சில மைல் போனால் ஊர் வந்துவிடும். ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர் அது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஜமீன்கள் எல்லாம் போய்விட்டன. என்றென்றைக்கும் நமக்கே என்று எதையும் எண்ணியிருக்க முடியாது என்பதை அந்த ஊர் மற்ற ஊர்களுக்கு முன்பே கற்றுக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நண்பர் என்னை அங்கே அழைத்திருந்தார். அவருடைய தம்பி இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பொறியாளர். மனைவி மக்களோடு கனடா நாட்டில் குடியேற அனுமதி கிடைத்துவிட்டது. பெற்றோர் வாழ்ந்து மறைந்த வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் போகவேண்டும். நண்பரோ மகனோடு கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறார். அங்கே ஓர் அண்டாவை வைக்கவும் இடம் கிடையாது. "இரண்டு நாள் வந்து உடன் இருங்கள்" என்றார். போனேன்.

கூடத்தில் பொருள்கள் எல்லாம் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பித்தளை அண்டாக்கள், வெண்கலப் பானை, தையல் இயந்திரம், தேக்குமர அலமாரி, ஊஞ்சல் பலகையும் சங்கிலிகளும், ஓர் அம்மி, அப்பாவின் புத்தகங்கள், குளிர்சாதனப் பெட்டி, தம்பியின் மோட்டார் சைக்கிள். ஒரு வீட்டில் அதனதன் இடத்தில் இருக்கும்போது எந்தப் பொருளும் மிகையாகத் தெரிவதில்லை. நடுக்கூடத்துக்கு வந்துவிட்டால் எல்லாமே மிகையாகத் தோன்றுகின்றன.

தம்பி கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கனடாவில் குடியேறப் போகிறவர் தம் பொருள்களுக்கு இரண்டு பட்டியல் தரவேண்டும் என்று விளக்கினார். கையோடு கொண்டு போகிறவை ஒன்று. பின்னால் வரப் போகிறவை மற்றொன்று. முதன்முதலில் போய் இறங்கும் இடத்திலேயே இரண்டையும் சுங்க அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். அந்தப் பொருள்கள் அவருக்குச் சொந்தமாகவும், அவர் வசத்திலும், அவர் பயன்படுத்தியவையாகவும் இருந்தால் தீர்வை கிடையாது. போன பிறகு 12 மாதத்துக்குள் விற்றுவிட்டால் தீர்வை கட்டவேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் மதிப்பையும் எழுத வேண்டும்.

அம்மாவின் வெண்கலப் பானைக்கு எதிரில் தம்பி ஏதோ ஒரு தொகையை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடியும் அடித்திருந்தார்.

தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்புவதைப் பற்றியும் விசாரித்து வைத்திருந்தார். கூலி, பொருள் அடைக்கும் இடத்தைப் பொறுத்தது. அவற்றை அடைக்கும் மரப்பெட்டிகூட, பூச்சி போவதற்காக உள்மரம் வரையில் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் காய்ச்சி முத்திரை வைத்த மரமாக இருக்கவேண்டுமாம். ஊஞ்சலை அனுப்பும் கூலியில் அங்கே இன்னோர் ஊஞ்சலே செய்துகொள்ளலாம் என்று சிரித்தார். ஆகவே, கொண்டு போகும் பட்டியல் சிறியதாயிற்று. மற்றவற்றுக்கு எதிரில் எல்லாம் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்: "அத்தை வீடு."

அத்தை அடுத்த தெருவில் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை. இரண்டே அறைகள் உள்ள ஓட்டு வீடு. பண்ட பாத்திரங்களை அங்கே வைத்துவிட்டு, பெரிய வீட்டைப் பூட்டிச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுவது என்று தம்பி முடிவு செய்திருந்தார்.

மாலையில் அத்தை வந்தார். தம்பி பரிவோடுதான் சொன்னார்: "ஒண்ணும் சிரமம் இல்லே அத்தை. வாரத்துக்கு ஒருநாள் திறந்து, பெருக்கி, விளக்கு ஏத்தினாப் போதும். சாமானுங்க உங்க வீட்டு உள் அறையிலே ஒரு ஓரமா இருக்கட்டும்."

அத்தை சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எத்தனை நாளைக்குய்யா?"

அந்தக் கேள்வியில் மறுப்பு இல்லை, கோபமும் இல்லை. சந்தைக்குப் போகிறவனை 'எப்போது வருவாய்?' என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

என் பாட்டியிடம் உறவினர் ஒருவர் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, 1951-இல் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனார். "ஆச்சி, பத்திரமா வச்சிருங்க" என்பதுதான் அவர் சொல்லிவிட்டுப் போன சொல். பாட்டி பத்திரமாக வைத்திருந்தாள். கரையான் ஏறாமல் இருக்க நான்கு செங்கல்களின் மேல் பெட்டியை ஏற்றி வைத்தாள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால், திறக்காமலே வெயிலில் காயவைத்து உள்ளே எடுப்பாள். வீடு மாறியபோது எங்கள் சாமான்களுக்கு முன்னால் வண்டியில் ஏறியது அந்தப் பெட்டிதான். அது இருந்த மூலையில் ஒரு கட்டில் போட்டிருக்கலாம். போடவில்லை. தாத்தா மழைக்காலத்திலும் திண்ணையில்தான் படுத்தார்.

22 ஆண்டுகள் கழித்து அவர் வந்தார். அப்போது நான் சிறுவன். பெட்டியைத் திறந்து கிளறினார். பழைய துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு, நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "மத்ததையெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டிருக்கலாமே ஆச்சி!"

பாட்டி ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு அந்த மூலையைப் பெருக்கினாள். வெகுநேரம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த உறவினர் கெட்டவர் என்று நான் இன்றும் எண்ணவில்லை. அவர் செய்த தவறு என்ன என்பது எனக்கே பல ஆண்டுகள் விளங்காமல்தான் இருந்தது. சேத்தூரில் அத்தை கேட்ட கேள்வியில்தான் விளங்கிற்று. அவர் பாட்டியிடம் ஒரு பொருளைக் கொடுத்தார். ஒரு கெடுவைக் கொடுக்கவில்லை. கெடு இல்லாத அடைக்கலம் கடனைப் போன்றது. அதுவும், வாங்காதவர் தலையில் விழுந்த கடன். போனவர் ஊரையும் தொழிலையும் மாற்றிக்கொண்டு ஆளே மாறிவிடுகிறார். காப்பவர் மட்டும், பொருள் கொடுக்கப்பட்ட அந்த நாளிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இராமாயணத்தை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பரதன் அரசை அடைக்கலப் பொருளாகக் காத்தான் என்று அவனைப் புகழ்கிறோம். ஆனால் அந்த அடைக்கலத்துக்கு ஒரு கெடு இருந்தது. பதினான்கு ஆண்டுகள். கெடு முடியும் நாளில் அண்ணன் வரவில்லை என்றதும் பரதன் தீ மூட்டச் சொன்னான். அனுமன் வந்து அந்தத் தீயை அவித்தான். பரதனின் பெருமை அவன் காத்ததில் இருக்கிறது. இராமனின் நேர்மை அவன் நாள் தவறாமல் செய்தி அனுப்பியதில் இருக்கிறது. இரண்டாவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

வங்கியைப் பாருங்கள். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு அது வாடகை வாங்குகிறது. அப்படி இருந்தும், ஏழு ஆண்டுகள் ஒருவர் பெட்டகத்தைத் திறக்காமல், அவர் இருக்குமிடமும் தெரியாமற் போனால், வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும் அதைத் திறந்து முடிவு செய்ய ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் கொடுக்கின்றன. கூலி வாங்கிக் காப்பவனுக்கு ஓர் எல்லை உண்டு. அன்புக்காகக் காக்கும் அத்தைக்கு எல்லை இல்லை. இது என்ன நியாயம்?

ஒன்று சொல்வார்கள்: "எல்லாரும் எண்ணி எழுதி வைத்துவிட்டா ஊரை விட்டுப் போகிறார்கள்?" உண்மைதான். தம்பி போய் இறங்கப் போகும் டொராண்டோ நகரில் ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1983-க்குப் பிறகு அவர்களில் பலர் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள். 1995 அக்டோபர் 30-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் மழையில் நடந்து வெளியேறினார்கள். அவர்களுக்குப் பட்டியல் எழுத நேரம் இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க, பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. அவர்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் நம் தம்பிக்கு விமானச் சீட்டில் நாள் குறித்திருக்கிறது. எண்ணிப் பார்க்க மூன்று மாதம் இருக்கிறது. நேரம் இருப்பவனுக்குத்தான் இந்தக் கடமை.

அப்படியானால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானா? இராசபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே அதற்காகக் கொடுத்தவர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குத் தலை தாழும். ஆனால் அந்த அளவுகோலை எல்லார் மேலும் வைப்பது சரியில்லை. புது நாட்டில் கால் ஊன்றுமோ ஊன்றாதோ என்ற பயத்தோடு போகிற நடுத்தரக் குடும்பத்துக்கு, திரும்பி வந்தால் ஒரு கதவு உண்டு என்ற எண்ணம் வேண்டியிருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் யார்? அந்தத் தைரியத்துக்கு உண்டான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அதை அத்தை கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலையில் இட்டிலிக்கு உட்கார்ந்தபோது பாட்டியின் பெட்டிக் கதையைச் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து "அத்தை வீடு" என்பதை எல்லாம் அடித்தார்.

"மூணு பட்டியலாப் போடுவோம் அண்ணாச்சி. கொண்டு போறது, குடுத்துடறது, வச்சுட்டுப் போறது. வச்சுட்டுப் போறதுக்கு எதிரே தேதி போட்டுடறேன்" என்றார்.

அன்று முழுவதும் அந்த வேலைதான். அப்பாவின் புத்தகங்களில் நான்கு கனடாவுக்கு; மற்றவை நூலகத்துக்கு. தையல் இயந்திரம், தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு. மோட்டார் சைக்கிளும் குளிர்சாதனப் பெட்டியும் விற்க. வீட்டைப் பூட்டுவதில்லை என்று முடிவாயிற்று. மலையடிவார மழையில் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கரையானும் வௌவாலும் எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர், இரண்டு குழந்தைகளோடு வீடு தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு வாடகைக்கு விடுவது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிடுவது. பெரிய பாத்திரங்களும் அலமாரியும் ஓர் அறையில் இரண்டு ஆண்டு இருக்கும். அதற்குள் தம்பி ஒன்றும் சொல்லி அனுப்பாவிட்டால், யாரையும் கேட்காமல் கொடுக்கவோ விற்கவோ அண்ணனுக்கு எழுத்து மூலம் அதிகாரம்.

அந்த அதிகாரத்தை எழுதும்போது தம்பியின் கை ஒரு கணம் நின்றது. நான் பார்த்தேன். தேதி குறிப்பது சுலபம் அன்று. தேதி இல்லாத வரையில், 'என்றாவது வருவேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாம். தேதி போட்டவுடன் 'வராமலும் போகலாம்' என்பதையும் சேர்த்தே எழுதியது ஆகிறது. இதைத் தாங்க முடியாமல்தான் நாம் அந்தப் பாரத்தை அத்தைமார் வீட்டு மூலையில் இறக்கி வைக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

மற்றொன்றும் அன்று நடந்தது. டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில், தம்பி மனைவியின் பெரியம்மா மகள் இருக்கிறாள். ஒரு வீட்டின் நிலவறையில் குடியிருப்பு. "வந்து எங்களோடயே தங்கிக்கலாம்" என்று அன்போடு சொல்லியிருந்தாள். புதிதாக வருபவர்களுக்கு அந்த நாட்டில் கடன் வாங்கித் திருப்பிய வரலாறு இருக்காது. அதனால் வீடு கிடைப்பது கடினம். தம்பியின் மனைவி அன்று மாலை தொலைபேசியில் அவளிடம் பேசினாள். "அக்கா, ஆறு வாரம். வாடகையிலே எங்க பங்கை வாங்கிக்கணும். ஆறு வாரத்துக்குள்ளே வேற இடம் பார்த்துடுவோம்" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இப்படி முன்னாலேயே சொல்லிட்டு யாரும் வந்ததில்லேடி" என்று பதில் வந்ததாம்.

ஒன்டாரியோ மாநிலத்தில், குடிவரும்போதே கடைசி மாத வாடகையையும் வீட்டுக்காரர் முன்பணமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தம்பி அதைக் கெடுபிடி என்று சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே வரும் நாளிலேயே வெளியே போகும் நாளையும் நினைத்துக்கொள் என்று ஒரு சட்டம் சொல்லுமானால், அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

சாயங்காலம் அத்தை வந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பட்டியலை என்னிடம் நீட்டினார். படித்தேன். "ஊஞ்சல், அத்தைக்கு" என்ற வரி வந்ததும் சிரித்துவிட்டார்.

"எனக்கு எதுக்குய்யா ஊஞ்சல்? மாட்ட என் வீட்டிலே உத்தரம் எங்கே இருக்கு? டீச்சர் புள்ளைங்க ஆடட்டும்."

பிறகு கூடத்து மூலைக்குப் போய் நின்றார்.

"இந்த அம்மியைக் குடு. உங்க அம்மாவும் நானும் சேர்ந்து அரைச்சது. காத்து வைக்க இல்லே. அரைக்கத்தான்."

தெருப் பையன்கள் இருவர் அம்மியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தை வழி காட்டிக்கொண்டு முன்னே நடந்தார். கையில் சாவி இல்லை. குழவியைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொல்லியாகிவிட்டது. என் பாட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான், ஊரை விட்டுப் போகிறவர்கள் கட்டிவைக்க வேண்டிய முதல் மூட்டை என்று நினைக்கிறேன்.