பேயிடம் கேட்கும் கேள்வி

பேய்க் கதையை இலக்கியமென்று ஒப்புக்கொள்ள நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. இரவில் படித்துவிட்டுப் பகலில் மறந்துவிடும் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நல்ல பேய்க் கதை எதை எடுத்தாலும் அதன் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது: நடந்து முடிந்த அநியாயத்தை மறப்பதா, பேசுவதா?

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுதி 1975இல் வெளிவந்த 'சேலம்ஸ் லாட்' நாவலில், பென் மியர்ஸ் என்ற எழுத்தாளன் சிறுவயதில் சில காலம் வாழ்ந்த ஊருக்குத் திரும்புகிறான். (நம் சேலத்துக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, ஜெருசலேம் என்ற பெயரின் குறுக்கம் அது.) பிள்ளைப் பிராயத்தில் ஒரு பாழ்வீட்டில் கண்ட கோரம் அவனை விடவில்லை. எழுதியாவது அதைத் தீர்த்துக்கொள்ள வருகிறான். அதற்குள் இரத்தம் குடிக்கும் பேய் ஒன்று அங்கே குடியேறி, ஊராரை ஒவ்வொருவராக விழுங்கத் தொடங்குகிறது. ஊர்க்காவல் அதிகாரியோ, எல்லாம் தெரிந்தும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கடைசியில் பென் மூட்டும் நெருப்பில்தான் கதை ஓய்கிறது.

கதைக்கு அது பொருத்தமான முடிவுதான். ஆனால் கொளுத்திவிட்டுப் போக வேறோர் ஊர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையினரும், போலீஸாரும், வருவாய்த்துறையினரும் அங்கே புகுந்தார்கள். ஊர் மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறைக்கு அனுப்பினார்கள். தப்பியவர்கள் மலைக்கு ஓடினார்கள். ஊர் வெறிச்சோடிப் போயிற்று.

பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். நம் கதைகளில் பேய் புளியமரத்தில் இருக்கும். ஊரார் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார்கள். வாச்சாத்தி மக்கள் எதைச் சுற்றிக்கொண்டு போவது? அடிபட்ட அதே மரத்தின் நிழலில்தான் அவர்கள் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. நாவலில் காவல் அதிகாரி பேய்க்குப் பயந்து ஓடினார். இங்கே ஊரைப் பிடித்த பேயே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

நம் நாட்டுப்புறத்தில் பேய் ஓட்டும் முறையை எண்ணிப் பாருங்கள். உடுக்கை அடிக்கும் பூசாரி எடுத்த எடுப்பில் விரட்டுவதில்லை. "நீ யார்? எந்த ஊர்? உனக்கு என்ன குறை?" என்று முதலில் கேட்கிறார். ஆணி அடிப்பதெல்லாம் அதற்கப்புறந்தான். அந்தச் சடங்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அதன் வரிசையில் ஒரு ஞானம் இருக்கிறது. தன் குறையைச் சொல்லாமல் எந்த ஆவியும் இறங்குவதில்லை என்பது அந்த ஞானம்.

வாச்சாத்தியில் இந்த வரிசை தலைகீழாயிற்று. கேள்வி கேட்பதற்கு முன்பே ஆணி அடிக்கப் பார்த்தார்கள். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1995இல்தான் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. சொல்ல நாக்கூசும் சம்பவத்தை அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் நின்று சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி 2023இல் அந்த ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார்.

"பழசைக் கிளறாதே, மறந்துவிடு" என்று உபதேசிக்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். மறதியும் ஒரு மருந்துதான். ஆனால் அந்த மருந்தைக் குடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை காயம்பட்டவனுக்கே உண்டு. அடித்தவனும், பார்த்துக்கொண்டு நின்றவனும் அதை அவன் வாயில் ஊற்றுவது மருத்துவம் ஆகாது.

தர்மபுரிச் சீமை நடுகற்களுக்குப் பேர்போனது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கற்கள் இன்னும் நிற்கின்றன. ஆநிரை மீட்கும் சண்டையில் மாண்டவனுக்கு வெறும் கல்லோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த அரசன் காலம், எந்த ஊர்ச் சண்டை, யார் பட்டான் என்று அதில் வெட்டி வைத்தார்கள். நடந்ததை நடந்ததென்று ஊரறியச் சொல்லிவிடுவதே மாண்டவனுக்குச் செய்யும் முதல் மரியாதை என்று அந்த எளிய மனிதர்கள் அறிந்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அதே மரியாதையைச் செய்ய நமக்கு முப்பத்தொரு வருஷம் பிடித்தது.

தீர்ப்பு வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பத்து நான்கு பேர் தண்டனைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள். இளம்பெண்களாக இருந்தவர்களுக்கு வழக்கிலேயே பாதி ஆயுள் கழிந்தது. ஆனாலும் நடந்தது பொய்யென்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. சொந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க மனிதனுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

விடுமுறைக்கு ஊர் திரும்புகிற நாமெல்லோரும் பென் மியர்ஸின் உறவினர்களே. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசும் தெரு ஒன்றோ, கிணறு ஒன்றோ நம் ஊரிலும் இருக்கும். அங்கே பேய் இருக்கிறதா என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன குறை என்று கேட்போம். பதில் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்பது நல்லது.