பத்துப் பிள்ளைகளின் கணக்கு

சீடன்: ஐயா, நேற்று ஆராதனையில் யோபுவின் கடைசி அதிகாரம் வாசித்தார்கள். பாதியிலேயே எழுந்து போய்விட்டேன்.

குரு: பார்த்தேன். எந்த இடத்தில் பொறுக்கவில்லை?

சீடன்: மறுபடியும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறந்தார்கள் என்ற இடத்தில். என் மகளை அடக்கம் பண்ணி இன்னும் வருஷம் திரும்பவில்லை. உடைந்த பானைக்குப் பதில் புதுப் பானையா, ஐயா?

குரு: கணக்கை முழுசாகப் பார். 7,000 ஆடுகள் வைத்திருந்தவனுக்கு 14,000. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்பும் பத்து, பின்பும் பத்து. ஏன் இருபது ஆகவில்லை?

சீடன்: நீங்களே சொல்லுங்கள்.

குரு: செத்த ஆடு செத்ததுதான். ஆனால் செத்துப்போன முதல் பத்துப் பிள்ளைகள் ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள். இவர்களையும் சேர்த்தால் இருபது என்று உரைகாரர்கள் சிலர் சொல்வார்கள்.

சீடன்: யோபுவின் மனைவி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

குரு: சிரிக்கட்டுமே. பத்தையும் பெற்றவள் அவள். விளக்கம் கேட்டுத் துக்கம் ஆறும் என்று நான் சொல்லமாட்டேன். பெத்தானியாவில் செத்துக் கிடந்த லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். விசுவாசி அழலாமா என்று எவனாவது உன்னைக் கேட்டால் அவனைப் பெத்தானியாவுக்கு அனுப்பு.

சீடன்: அழுகையும் போகாது, பிள்ளையும் வராது. பிறகு விசுவாசம் எதற்கு?

குரு: பண்டித ரமாபாயை எடுத்துக்கொள். 1870களின் பஞ்சத்தில் தகப்பன், தாய், அக்காள் மூவரையும் பறிகொடுத்தவர். காட்டில் இலையும் தண்ணீருமாக நாளைக் கடத்தியவர். 1880இல் அண்ணன் போனார். 1882இல் அவரைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுக் கணவரும் போனார். மறுவருஷம் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதோடு மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. கிறிஸ்துவின் மார்க்கம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். உனக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சீடன்: அப்புறம்?

குரு: 1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். அங்கே போனார். பசியில் கிடந்த சிறுமிகளையும் இளம் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் கூட்டி வந்தார். புனேக்குப் பக்கத்தில் கேட்காவ்னில் அவர் எழுப்பிய முக்தி இல்லம் அவர்களால் நிறைந்தது. பசித்த பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சீடன்: ஆக, இந்தப் பிள்ளைகள் பிழைக்கத்தான் அந்தத் தாய் தகப்பன் பட்டினியில் செத்தார்கள் என்கிறீர்களா?

குரு: அப்படி எவனாவது பிரசங்கம் பண்ணினால் அன்றைக்கும் எழுந்து வெளியே போ, நானும் கூட வருகிறேன். அவர்களைக் கொன்றது பஞ்சம். ஆண்டவர் அந்தச் சாவைக் கேட்டு வாங்கவில்லை. கதை அதோடு முடியவும் விடவில்லை. மீட்பு என்று நான் நம்புவது இவ்வளவுதான். உயிர்த்தெழுந்த பிறகும் இயேசுவின் கையில் ஆணிக் காயம் இருந்ததே, தோமா பார்த்தானே. புது உடம்பிலும் அதை மறைத்துக்கொண்டு வரவில்லை.

சீடன்: ரமாபாயின் அந்தக் கைக்குழந்தை என்ன ஆயிற்று?

குரு: மனோரமா. வளர்ந்து தாய்க்கு வலதுகையாக இருந்தாள். 1921இல் அவளும் போய்விட்டாள். தாய் அடுத்த வருஷம் ஏப்ரலில் கண்மூடும்வரை மராத்தி பைபிள் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை.

சீடன்: இதை ஏன் முதலில் சொல்லவில்லை?

குரு: சொல்லியிருந்தால் நேற்றைப்போலவே எழுந்து போயிருப்பாய்.

சீடன்: மேலத்தெருவில் ஒரு பையன் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். நாளைக்கு அங்கே என்னைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன பேச?

குரு: யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல மனுஷர்கள். பேச ஆரம்பித்துக் கெடுத்தார்கள். நீயும் போய்ப் பாயில் உட்கார். அந்த வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்.