கண்டவர் கடன்

நண்பர் ஒருவரின் இல்லத்தில் பழைய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஏடுகளுக்கிடையே காய்ந்த பூங்கொத்து ஒன்று அகப்பட்டது. "2006இல் மூணாற்றுக்குச் சென்றிருந்தபோது மலைச்சரிவில் பறித்த குறிஞ்சி" என்றார் நண்பர், பெருமிதம் குறையாத குரலில். நீலம் என்று சொல்வதற்கு அதில் எதுவும் எஞ்சவில்லை. பழுப்பேறிய சருகாகவே கிடந்தது. சற்று நேரம் கழித்து, "ஒன்றுதானே பறித்தேன், மலை முழுதும் பூத்துக் கிடந்தது" என்றார். நாம் கேளாமலேயே அவர் கூறிய அந்தச் சமாதானம் நம்மைச் சிந்திக்க வைத்தது. பிழை ஏதும் இல்லையெனின் சமாதானம் எதற்கு?

அழகைக் காணச் செல்வதில் அறத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வலியவன் எளியவனின் நிலத்தைப் பறித்தால் அறம் பேசலாம். வணிகன் எடையைக் குறைத்தால் அறம் பேசலாம். மலையில் பூத்த மலரைக் கண்ணாரக் காண்பதால் யாருக்கு என்ன நட்டம்? நியாயமான கேள்விதான். இதனைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்வோம்.

குறிஞ்சியின் வாழ்வு ஏனைய செடிகளின் வாழ்வைப் போன்றதன்று. ரோஜாச் செடியில் ஒரு மலரைக் கொய்தால் சில நாட்களில் மற்றொன்று மலரும். மாமரம் இவ்வாண்டு ஏமாற்றினாலும் மறு ஆண்டு காய்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சிக்கோ அந்த மறுவாய்ப்பு இல்லை. முளைத்தெழுந்து, 12 ஆண்டுகள் இலையும் தண்டுமாக நின்று, வாழ்வில் ஒரே ஒரு முறை பூக்கிறது; விதைகளை முதிர்வித்து உதிர்க்கிறது; பின்னர் மடிகிறது. மூணாற்று மலைகளில் அது 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே நண்பர் பறித்தது வெறும் மலரை அன்று. ஒரு செடி தன் ஆயுள் முழுதும் சேமித்து, தன் வழித்தோன்றலுக்கென எடுத்து வைத்த செல்வத்தின் ஒரு பங்கையே அவர் பறித்தார்.

"இலட்சக்கணக்கில் பூத்திருக்கையில் ஒரு கொத்து போனால் என்ன?" என்னும் வாதம் வலுவற்றதன்று. குறிஞ்சியே அவ்வாதத்தை நம்பித்தான் வாழ்கிறது எனலாம். எல்லாச் செடிகளும் ஒருசேரப் பூத்து ஒருசேர விதைப்பது ஏன் என்பதற்கு அறிவியலார் தரும் விளக்கங்களுள் ஒன்று இது: விதையைத் தின்னும் பூச்சிகளும் பிற உயிர்களும் தின்று தீர்க்க இயலாத அளவுக்கு ஒரே பருவத்தில் விதைகளைக் கொட்டிவிட்டால், தின்றது போக எஞ்சியது முளைக்கும். பசிக்கு ஓர் எல்லை உண்டு என்ற நம்பிக்கையின்மேல் அமைந்த ஏற்பாடு இது. பூச்சியின் பசிக்கு எல்லை உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்தி ஏறி வரும் இலட்சக்கணக்கான மனிதரின் 'ஒன்றுதானே' என்பதற்கு எல்லை எது? ஒவ்வொருவரும் ஒன்றே பறிப்பர். பறித்தவர் எவரும் தம்மைக் குற்றவாளியாகக் கருதார். ஆயினும் சரிவு மொட்டையாகும். கூட்டாகச் செய்யும் பிழையின் கொடுமை இதுவே. அதன் சுமை எவர் தோளிலும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. இன்று நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பெற்ற தாவரங்களுள் ஒன்று. அதனைப் பறிப்பது தண்டனைக்குரியது. ஆனால் காவலர் இல்லாத சரிவில் நம் கையைத் தடுப்பது சட்டமன்று, மனச்சான்றே.

அப்படியாயின், காணவே செல்லலாகாது என்போமா? அவ்வாறு கூறுவதும் நேர்மையாகாது. காணச் சென்றவர்களால்தான் குறிஞ்சிக்குக் காவலும் கிடைத்தது. 1980களின் இறுதியில் தொடங்கி, கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை மலைவழியே நடந்து, குறிஞ்சிச் சரிவுகளைக் காக்க வேண்டுமென்று ஓயாது வற்புறுத்திய ஆர்வலர்கள் இருந்தனர். 2006ஆம் ஆண்டுப் பூப்பின்போது, கேரள அரசு இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கோட்டக்கொம்பூர் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. கண்டவர்கள் வாளாவிருந்திருந்தால் அது நிகழ்ந்திராது. அவர்களும் மலரைக் கண்டார்கள்; நம் நண்பரும் மலரைக் கண்டார். ஒருவர் கண்டதற்குச் சாட்சியாக நின்றார். மற்றவர் கண்டதற்கு அடையாளமாக ஒரு சருகைக் கொண்டுவந்தார். வேறுபாடு காண்பதில் இல்லை. கண்ட பின் நிற்கும் நிலையில் இருக்கிறது.

நம் இல்லங்களில் 'அமானிதம்' என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் நம்மிடம் நம்பி ஒப்படைத்த பொருள் அது; கேட்கும்போது குறைவின்றித் திருப்பித் தர வேண்டியது. கண்ட காட்சியும் அத்தகையதே என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் இவ்விடத்தில் ஒரு சங்கடமான உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். குறிஞ்சிக்கு நேர்ந்த பெருங்கேடு பூப்பறிப்போரால் நேர்ந்ததன்று. தேயிலைத் தோட்டங்களும், யூகலிப்டஸ், வாட்டில் முதலிய அயல் மரங்களும் அதன் சரிவுகளை விழுங்கின. குறிஞ்சியைப் பறிக்காத நாம், அது நின்ற நிலத்தில் விளைந்த தேநீரை அன்றாடம் இருவேளை அருந்துகிறோம். மலையேறாதவருக்கும் இதில் பங்குண்டு. அத்தேயிலையைக் கிள்ளும் கைகள் யாருடையவை என்று கேட்டால், அக்கேள்வி நம்மை மலருக்கு அப்பால் அழைத்துச் செல்கிறது.

மூணாற்றின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருவோருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர். லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளே அவர்தம் இருப்பிடம். குறிஞ்சி காண மக்கள் திரளும் இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்னும் இடம் உள்ளது. முதுவர் குடிகள் வாழும் இடமலைக்குடிக்குச் செல்லும் வழியும் அங்கிருந்தே தொடங்குகிறது. குறிஞ்சியின் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்ட மக்கள் என்று முதுவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து, பெட்டிமுடியின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போனமையால், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். உலகெங்குமிருந்து மக்கள் தேடி வரும் மலைக்கு அருகில், ஓர் இரவு முழுதும் அம்மக்களின் குரல் எவர் செவிக்கும் எட்டவில்லை.

குறிஞ்சி பூக்கத் தொடங்குவதும் ஆகஸ்ட் மாதத்தையொட்டியே. 2018இல் அதே மாதப் பெருவெள்ளம் மூணாற்றின் சாலைகளைத் துண்டித்தபோது, குறிஞ்சிப் பயணம் தடைப்பட்டதே என வருந்தினோர் பலர். வருந்தியதில் தவறில்லை. ஆனால் நம் கண் எதனைத் தேடிச் சென்றதோ அதனை மட்டுமே கண்டு திரும்பியதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? நீலச் சரிவை நிழற்படம் எடுக்கையில், இடையில் தெரிந்த தகரக் கூரையைப் படத்திலிருந்து விலக்கியது யார் கை? மலரைப் பறிக்காத கையும் அக்குற்றத்தைச் செய்திருக்கக்கூடும்.

அழகை நாடும் கண் அழகை மட்டுமே காண்பேன் என்று அடம்பிடிக்குமானால், அது காட்சியன்று, நுகர்ச்சியே. நுகர்வோன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு செல்கிறான். காண்போனோ இருப்பது அனைத்தையும் காணக் கடமைப்பட்டவன். மலரையும், அம்மலர் இழந்த நிலத்தையும், அந்நிலத்தில் உழைப்போரையும், அவர்தம் கூரையின்மேல் நிற்கும் மலைச்சரிவையும். குறிஞ்சியைப் பேணுவோர் மனிதரை மறத்தலும், மனிதர் நலம் பேசுவோர் குறிஞ்சியை அற்பமென்று தள்ளுதலும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு பக்கங்கள். வேருடன் கூடிய புல்வெளியும் பாதுகாப்பான வீடும் வேண்டுவது ஒரே மலையில்தான்.

விடைபெறும்போது நண்பர் அந்தச் சருகை மீண்டும் ஏட்டிடையே வைத்தார். முன்னைப் பெருமிதம் அவர் முகத்தில் இல்லை. "2030இல் சேர்ந்து செல்வோம், வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புவோம்" என்றார். இசைந்தோம். இராஜமலையைக் கண்டபின் பெட்டிமுடிக்கும் செல்வதென்று முடிவு செய்தோம். அதுவரை நாம் இருவரும் இருப்போமா என்பதை இறைவனே அறிவான். நாம் இல்லாவிடினும் குறிஞ்சி பூக்க வேண்டும். அதன் அடிவாரத்தில் உறங்குவோர் காலையில் விழித்தெழவும் வேண்டும்.