பற்றின் ஓரம்

பாலாவியிலிருந்து கற்பிட்டி போகிற வீதியில், தென்னைகளுக்கு மேலாக நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது. இந்தக் கரையில் உப்புக் காற்று வேலிக் கம்பியைத் தின்பதை எவரும் பார்க்கலாம். பொயிலர் குழாயின் தேய்மானம் அப்படிக் கண்ணில் படாது.

இந்த அளவு இயந்திரங்களில் நீராவி 540 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் ஓடும். உருக்கு உருகுவதற்கு அது எவ்வளவோ குறைவு. ஆனாலும் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இழுபடும். சூடு பத்துப் பதினைந்து பாகை தொடர்ந்து கூடி நின்றாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகலாம்.

குரோமியம் கலந்த உருக்குக் குழாய்களை ஒட்டிய இடங்களில் பல ஆண்டுகளுக்குப் பிறகு விட்டுப்போவது பெரும்பாலும் வெல்டிங் பற்று அல்ல. பற்றுக்குச் சில மில்லிமீற்றர் தள்ளி ஒரு மெல்லிய பட்டி இருக்கிறது. வெல்டிங் நாளில் அது உருகவுமில்லை, சூட்டுக்குத் தப்பவுமில்லை. அந்த அரைச்சூட்டில் உருக்கின் மணிகள் பொடியாகிவிடுகின்றன. சாதாரண சூட்டில் பொடிமணி உருக்குக்குப் பலம். 540 பாகையில் அதுவே பலவீனம். மணிகளின் எல்லைகளில் நுண்ணிய குழிகள் பிறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து வெடிப்பாகின்றன.

அதைத் தேடும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, குழாயில் ஓரிடத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து மினுக்குவார்கள். அமிலம் தடவி, ஈரமாக்கிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி உரித்தால் உருக்கின் முகம் அதில் பதிந்திருக்கும். நுணுக்குக்காட்டியில் கரும்புள்ளிகள் தனித்தனியே நின்றால் பொறுக்கலாம்; வரிசை கட்டினால் அவசரம். ஆனால் இந்தக் குழிகள் பல வேளை மேற்பரப்புக்குக் கீழேதான் தொடங்கும். தாள் சுத்தமாக வந்தது என்று நிம்மதியடையக் கூடாது, கேளா ஒலியையும் உள்ளே அனுப்பிப் பார்க்க வேண்டும்.

2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு. இயந்திரம் எப்போது திரும்பும் என்றே எல்லோரும் கேட்டோம். ஆனால் இப்படி நின்று, ஆறி, மறுபடி சூடேறும் ஒவ்வொரு முறையும் தடித்த குழாயின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. அந்த இழுபறியும் பற்றின் ஓரத்துக்கே போய்ச் சேர்கிறது. எத்தனை முறை நின்றது, எவ்வளவு வேகமாக மீண்டும் சூடேற்றினார்கள் என்ற கணக்கு, விற்ற மின்சாரத்தின் கணக்கோடு சேர்த்து மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.