கேள்விக்கு உட்படும் காவலே காவல்



தவறு செய்த போலீசாரைப் பொதுமக்கள் கேள்வி கேட்கலாமா? கேட்டால் காவலர்க்கு ஊக்கம் குன்றும், கள்வர்க்குத் துணிவு பிறக்கும் என்பர் ஒரு சாரார். கேளாதொழியின் ஏழைக்கு நாதியில்லை என்பர் மற்றொரு சாரார். எங்கேனும் ஒருவர் போலீசு நிலையத்தில் மாண்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம், ஸ்கெலட்டனிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இவ்வாதம் எழுந்து, சில நாட்களில் அடங்கிவிடுகின்றது. வாதம் அடங்குவதால் வினா தீர்ந்ததாகாது. ஆதலின், தன்மத்தின் வழிநின்று அதனைச் சற்றே ஆராய்வோம்.

கேள்விக்கு உட்படுதல் இழிவென்று கருதுவோர், சங்கத்தின் ஒழுங்கை நோக்குவாராக. மழைக்காலம் முடிந்து பிக்குகள் பிரியுங்கால் பவாரணை என்னும் சடங்கு நிகழும். ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் அமர்ந்து, தம்மிடம் கண்ட குற்றமோ, கேட்ட குற்றமோ, ஐயுற்ற குற்றமோ இருப்பின் எடுத்துரைக்குமாறு தாமே வேண்டிக்கொள்வார். பகவான் புத்தரும் அவ்வாறே தம் சங்கத்தை வினவினார் என்று சூத்திரம் கூறுகின்றது. மாசற்ற பெருமானே தம்மைப் பிறர் சோதிக்க இடந்தந்தாரெனில், கையில் தடியும் இடுப்பில் துப்பாக்கியும் தாங்கிய மனிதர் சோதனைக்கு அப்பாற்பட்டவராதல் எங்ஙனம்? அதிகாரம் இல்லாதவனின் தவறு அவனோடு நிற்கும். அதிகாரம் உள்ளவனின் தவறோ பிறர் உடலின்மேல் விழும். ஆகவே, எவரிடம் அதிகாரம் மிகுதியோ அவரிடமே கேள்வியும் மிகுதியாக வேண்டும்.

இதனை அரச நீதியாகவே செய்துகாட்டியவர் அசோக சக்கரவர்த்தி. கலிங்கத்துத் தோசலி நகரில் நீதி செலுத்திய அதிகாரிகளுக்கு அவர் விடுத்த தனிக் கட்டளை, இன்றும் தௌலிப் பாறையில் உள்ளது. நமது கர்நாடகத்திலும், கலபுரகி மாவட்டத்துச் சன்னதி என்னும் ஊரில், அதன் பகுதி பொறித்த கல் 1980களில் கண்டெடுக்கப்பட்டது. நகரத்தில் ஒருவர் காரணமின்றிச் சிறைப்படுவதும் வதைபடுவதும் நேர்கின்றன. அதனால் மற்றும் பலர் துன்புறுகின்றனர். நீங்கள் நடுநிலை பிறழாது நடக்க வேண்டும் என்பது அக்கட்டளையின் சாரம். நீதி தவறுவதற்குக் காரணமான குற்றங்கள் ஏழினையும் அவர் எண்ணிக் காட்டுகின்றார். அவை பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பயிற்சியின்மை, சோம்பல், களைப்பு என்பனவாம்.

இவ்வேழினையும் ஊன்றி நோக்குக. கொடுமையும் சினமும் குற்றமென்று யாரும் அறிவர். அவசரத்தையும் களைப்பையும் அவற்றோடு சேர்த்தெண்ணியதில்தான் சக்கரவர்த்தியின் நுண்ணறிவு விளங்குகின்றது. வழக்கை விரைந்து முடி என்று மேலதிகாரி நெருக்க, இரவும் பகலும் ஓய்வின்றி நின்ற காவலர், துப்புத் துலக்கும் பயிற்சியும் இல்லாதவராயின், அவர் கண்ட குறுக்குவழி யாது? பிடித்தவரை அடித்தல். ஆகவே, காவலரை வினவுவோர் அவருடைய வேலை நேரத்தையும், ஓய்வையும், பயிற்சியையும் பற்றி அரசையும் வினவக் கடமைப்பட்டவராவர். அடித்த கை குற்றமுடையது. அக்கையைச் சோரவைத்து ஏவிய அதிகாரமும் குற்றத்தில் பங்குடையது.

அசோகர் கட்டளையிட்டதோடு அமையவில்லை. கடுமையும் கொடுமையும் இல்லாத மேலதிகாரி ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுக்கு அனுப்பி, தம் சொற்படி நடக்கின்றதா என்று காணச் செய்தார். உஜ்ஜயினியிலும் தட்சசீலத்திலும் மூன்றாண்டுக்குள் அனுப்பவேண்டும் என்றார். மேலும், அக்கட்டளையைப் பூச நட்சத்திர நாளில் வாசித்துக் கேட்பிக்க வேண்டும் என்றும், தனி ஒருவரே இருப்பினும் அவர்க்கும் கேட்பிக்கலாம் என்றும் விதித்தார். அதிகாரிக்கு இட்ட ஆணையைக் குடிமகனும் செவியுறவேண்டும் என்பதன் கருத்து யாது? தன்னை ஆள்பவர்க்கு எல்லை எது என்று அறிந்தவனே, எல்லை மீறப்படுங்கால் கேள்வி கேட்கவல்லான்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்ததாகக் கூறி, ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் போலீசு நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டனர். பின்னர்க் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகனும், 23ஆம் நாள் காலை தந்தையும் உயிர்நீத்தனர். மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட்டுக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு மறுக்கப்பட்டதாக அவர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். கண்காணிப்புக் காமிராவின் பதிவுகள் அன்றாடம் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதும் வெளிப்பட்டது. நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்குமாறு நீதிமன்றம் பணிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது.

சுரங்கத்தில் உழைத்த மக்களாகிய நாம் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்தல் தகும். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், விபத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்த இடத்தை, பிறருக்கு ஆபத்தைத் தடுத்தல் போன்ற தேவை இருந்தாலன்றி, இன்ஸ்பெக்டர் வந்து காணுமுன் கலைக்கலாகாது என்று விதித்திருந்தது. அந்த இன்ஸ்பெக்டர் கம்பெனியின் சம்பளக்காரர் அல்லர், வெளியிலிருந்து வருபவர். பாறை சரிந்து ஒருவர் மாண்டால் அங்குள்ள கல்லையும் கட்டையையும் சாட்சியாகக் காத்த நாடு, போலீசு நிலையத்தில் ஒருவர் வதைபட்ட இரவின் சாட்சியத்தை அழியவிடலாமோ? 2020ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், எல்லாப் போலீசு நிலையங்களிலும் காமிராக்கள் வைத்து, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டேனும் பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது இந்நியாயம் பற்றியே.

வெளியிலிருந்து வருபவர் என்னும் சொல்லில்தான் காரியத்தின் உயிர்நிலை உள்ளது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், பிரகாஷ் சிங் வழக்கில், போலீசார்மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையங்கள் அமையவேண்டும் என்று உச்சநீதிமன்றம் பணித்தது. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டு இயற்றிய சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும், போலீசுத் துறைத் தலைவரை உறுப்பினராகவும் வைத்தது. எந்த வீட்டின்மீது புகாரோ, அந்த வீட்டாரே தீர்ப்புரைக்க அமர்ந்தால், நல்ல காவலர்மீது சுமத்திய பொய்ப்புகாரும் தீராது. தீய காவலர்மீது வந்த மெய்ப்புகாரும் தீராது. நேரிய காவலர்க்கே நடுநிலை விசாரணை முதற்காப்பு என்பதை அவர்தம் நண்பர்கள் உணர்வாராக.

விசாரணைக்கு மூலம் சாட்சி. சாத்தான்குளம் நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி என்னும் அம்மையார், தாம் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் உரைத்தார். உடன் பணிபுரிவோரை எதிர்த்துரைப்பது எளிதன்று. அதற்கு ஒரு மாதம் முன்னர், 2020 மே 25ஆம் நாள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் பிளாய்டு என்பவரின் கழுத்தின்மேல் ஒரு போலீசுக்காரர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முழங்காலை ஊன்றி நின்றார். உடனிருந்த காவலர் மூவரும் அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு முதல்வரும், பின்னர் அம்மூவரும் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். கண்டும் தடுக்காமை குற்றமே என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் உரைத்தது பெரிது. சிலப்பதிகாரத்திலும், கோவலனைக் கண்ட காவலர் சிலர், இவன் கள்வன் அல்லன் என்று ஐயுற்றனர். ஆயினும் கள்ளுண்ட ஒருவன் வாளோங்கியபோது அவ்வையம் அவனைக் காக்கவில்லை. மனத்துள் நின்ற நல்லெண்ணம் கையைத் தடுக்காவிடில் பயன் யாது?

இறுதியாக, பொதுமக்களின் பங்கையும் பேசவேண்டும். பக்கத்து வீட்டில் களவு போனால், பிடித்தவனை நாலு தட்டுத் தட்டினால் உண்மை வரும் என்று சொல்வோர் யார்? நாமே அல்லரோ? காரணமின்றிக் காரியமில்லை என்பது பகவானின் போதம். கள்வன் என்று பிறர் சொன்னவனை அடிக்கலாம் என்னும் எண்ணம் தெருவில் விளைந்து, நிலையத்தில் அறுவடையாகின்றது. தங்கவயல் மக்கள் இதனை ஏனையோரினும் நன்கறிவர். பாதாளத்திலிருந்து மேலேறும் ஒவ்வொரு நாளும் கள்வனோ என்று உடல் சோதிக்கப்பட்டவர் நம் முன்னோர். 1930ஆம் ஆண்டில் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவரும் அவரே. ஐயத்துக்கு உள்ளானவரின் மானம் இன்னதென்று அறிந்த மரபினர், வேறோர் ஏழையின்மேல் ஐயம் விழும்போது அடியென்று சொல்லலாகாது.

ஆகவே செய்யத்தக்கது யாது? 1996ஆம் ஆண்டு டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த விதிகள் பதினொன்று உள. கைதுசெய்யும் காவலர் பெயர் தெரியும் வில்லை அணிதல், கைது நேரத்தைக் குறித்துக் குடும்பத்தாரோ ஊராரோ ஒருவர் சாட்சிக் கையொப்பமிட்ட குறிப்பு எழுதுதல், உறவினர்க்கு அறிவித்தல், நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை என்பன அவற்றுட் சில. அவற்றை ஒவ்வொரு நிலையத்திலும் கண்ணில் படும்படி வைக்கவும் பணித்தனர். அசோகர் பூச நாளில் வாசிக்கச் சொன்னதும் இதுவே. நமது கூட்டங்களிலும் இவ்விதிகளை மாதம் ஒருமுறை வாசித்து, எழுத்தறியா முதியோர்க்கும் எடுத்துரைப்போமாக. அண்டை வீட்டாரை நிலையத்துக்கு அழைத்தால், இருவராய் உடன்சென்று, பணிவுடன் குறிப்புக் கேட்போமாக. காவலரைப் பகைத்தல் வேண்டா. அவரைத் தனியே விடுதலும் வேண்டா. சாட்சி உள்ள இடத்தில் நல்லவர் துணிவு பெறுவர். தீயவர் கை தாழும்.