குவளை எறிந்த கை

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சிறுமி ஒருத்தி மதுக்கடைக்கு வருகிறாள். உள்ளே தகராறு. கடைக்காரன் தகப்பனைக் குறிவைத்து எறிந்த குவளை பிள்ளையின் தலையில் படுகிறது. அவள் பிழைக்கவில்லை.

திமொதி ஷே ஆர்தர் 1854இல் எழுதிய மதுவிலக்கு நாவலின் காட்சி இது. அமெரிக்க மேடைகளில் வெள்ளையர் நீண்டகாலம் நடித்துவந்த இந்தக் கதையை, 1926இல் பிலடெல்பியாவின் ‘கலர்ட் பிளேயர்ஸ்’ நிறுவனம் கறுப்பின நடிகர்களைக் கொண்டே ‘டென் நைட்ஸ் இன் எ பார்ரூம்’ என்ற பேசாப்படமாக எடுத்தது. குடிகாரத் தகப்பனாக நடித்தவர் சார்ள்ஸ் கில்பின். யூஜின் ஓ நீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தால் 1920இல் புகழ்பெற்றவர். அதன் வசனத்தில் இருந்த இன இழிசொல்லை மாற்றிப் பேசி, எழுதியவரோடேயே முரண்பட்டவர்.

கறுப்பரைக் கொடியவராகக் காட்டிய ‘த பேர்த் ஒஃப் எ நேஷன்’ படம் வந்து அப்போது பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. குடித்துச் சீரழியும் கறுப்பனை அந்த வேளையில் திரையேற்றியது சரியா? இகழக் காத்திருப்போருக்குச் சாட்சியம் கொடுத்ததாகாதா?

ஆகாது. இந்தப் படத்தில் ஊரே கறுப்பர்களின் ஊர். குடிப்பவன், விற்பவன், அழுகின்ற மனைவி, அயலவர் எல்லோரும் அவர்களே. ஆகவே குடிகாரன் இனத்தின் அடையாளமாகாமல் ஒரு தனிமனிதனாக நிற்கிறான். குற்றமும் குவளை எறிந்த கையை, குடியை விற்றுப் பிழைத்தவனை, போய்ச் சேர்கிறது.

யாழ்ப்பாணத்திலோ குடிக்காகக் குற்றஞ்சாட்டும் விரல் வேறு பக்கம் நீண்டது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது, மதுவிலக்கையும் போதித்தது. சைவரும் கள்ளைப் பழித்தார்கள். கள் எல்லாச் சாதியாரின் தொண்டைக்குள்ளும் இறங்கியது. இழிவு மட்டும் பனையேறிக் கள் சீவியவரின் தலையில் விழுந்தது. அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்தவர், அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் இருக்க விடவில்லை. தேநீர்க்கடையும் கோயிலும் அவருக்கு மூடிக்கிடந்தன. 1966 ஒக்டோபர் 21இல், உடுவிலுக்குப் பக்கத்துச் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது.

குடி குடும்பங்களைத் தின்கிறது. அதில் விவாதம் இல்லை. ஆனால் தவறணையை மூடு என்று சொல்பவர், மறுநாள் சீவல் தொழிலாளியின் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பதில் மரத்திலேயே இருக்கிறது. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அதே பாளைச் சாறு புளிக்காமல் கருப்பநீராகும், காய்ச்சினால் பனங்கட்டி. உழைப்பு குறையாது, விறகுச் செலவு கூடும். மதுவிலக்குப் பேசும் சபைகளும் சங்கங்களும் முதலில் அந்தப் பனங்கட்டியை நியாய விலைக்கு வாங்க முன்வரட்டும்.