களவா, கல்வியா?

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஒரு சிறிய நகலகம் 2012ஆம் ஆண்டில் பெருவழக்கு ஒன்றிற்குக் காரணமாயிற்று. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களைப் பல நூல்களிலிருந்து படியெடுத்துக் கட்டி, மாணவர்க்கு மலிவு விலையில் விற்றது அக்கடை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் நீதிமன்றம் ஏறின. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை இயற்கையாய் வந்த உரிமையன்று, சட்டம் வழங்கியதே என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டு அமர்வு சில வினாக்களை மறு விசாரணைக்கு அனுப்பிற்று. 2017இல் பதிப்பகத்தாரே வழக்கை விட்டு விலகினர்.

நம் நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் பதிவேட்டைப் பேணுவதோடு அமைகிறது. கள்ளப் படிகளைக் கைப்பற்றும் பொறுப்பு காவல்துறையினுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி ஆய்வாளர் நிலையிலுள்ளவரே பிடியாணையின்றி அவற்றைக் கைப்பற்றலாம். 1984இல் தண்டனை கடுமையாக்கப்பட்டது: ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம். திரைப்படத் திருட்டுக்கென 2023இல் தனி விதிகளும் வந்தன. ஆயினும், புதுப்படத்தின் கள்ளப்படி நம் வீட்டுக் கைப்பேசிகளில் ஓடுவதைக் காணாதார் யார்? ஊரில் திரையிடவில்லையே என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

பிறரைச் சுட்டும் தகுதி எனக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்காகச் சிறுவர் கதை நூல் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை முப்பது படி எடுத்தவன் நான். சென்னையிலிருந்து வரவழைக்கப் பொறுமையில்லை, செலவும் கூடுதல். கற்பித்தலுக்காக ஆசிரியர் படியெடுத்தலைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறதென்று பின்னர் அறிந்தபோது மனம் சற்று ஆறிற்று. ஆனால் ‘கள்ளாமை’ அதிகாரத்தை அதே பிள்ளைகளுக்கு நடத்த எடுத்த நாளில் நா தடுமாறிற்று. பிறன் பொருளைக் கவர்ந்தால் அவனிடம் அது இல்லாமற் போகிறது. நூலைப் படியெடுத்தால் அது அவனிடமே இருக்கிறது. ஆனால் வரவேண்டிய கூலி வாராமற் போகிறது. நம் வாசலில் உழைத்த தச்சனுக்கு அவ்வாறு செய்வோமா?

1949இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. பின்னர்த் தமிழறிஞர் பலரின் நூல்களுக்கும் மரபுரிமையரிடம் பரிவுத்தொகை தந்து அவ்வாறே செய்யப்பட்டது. உழைத்தவன் குடும்பத்தையும் படிக்க விரும்புவோனையும் ஒருங்கே நினைத்த வழி அது. எல்லா நூலுக்கும் அது இயலாதென்பதும் உண்மை.

முப்பது நூல்களின் விலையை ஆசிரியர்க்கு அனுப்ப எண்ணிப் பதிப்பகத்தாருக்கு மடல் எழுதினேன். அவர் மறைந்துவிட்டார் என்று விடை வந்தது. மறைவுக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் உரிமை மரபுரிமையரைச் சாரும். அவர்தம் முகவரி பதிப்பகத்தாரிடமே இல்லை. காசோலை என் மேசையில் கிடக்கிறது. நகற்கட்டுகள் சங்கத்து அலமாரியில் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வருவார்கள்.